மலைநாட்டில் ஓர்த்தோ பயிற்சி: உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்

ஓர்த்தோ, அதாவது எலும்புச் சத்திரசிகிச்சைப் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது, எந்த யூனிட்டைப் போடலாம் என்று கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: தியேட்டர் லிஸ்ட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கிளினிக் நடக்கிற நாளில் போய், மாவுக்கட்டுப் போடுகிற பிளாஸ்டர் ரூம் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். பிளாஸ்டரை யார் போடுகிறார், பயிற்சியில் இருக்கிற டொக்டரான ரெஜிஸ்ட்ராரா, இல்லை எல்லாவற்றையும் அட்டெண்டன்ட் தலையில் கட்டிவிட்டு டொக்டர்மார் போய்விட்டார்களா, ஒரு கிழமை, அதாவது ஏழு நாள் கழித்து எக்ஸ்ரேயைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்களா, வராத நோயாளியை யாராவது தேடுகிறார்களா, இவ்வளவும் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நான் இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா ஃபெக்டரியில் கொழுந்து உருட்டுகிற ரோலர் பக்கம் வேலை. பேராதனையில் மருத்துவம் படித்து, இன்டர்ன்ஷிப் முடித்து, ரெஜிஸ்ட்ராராக மலைநாட்டிலேயே மூன்று ஆஸ்பத்திரிகளில் சுற்றி, எம்.டி. தேறி இப்போது சீனியர் ரெஜிஸ்ட்ரார். ஆஸ்பத்திரிகளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இந்தத் துறையில் நாம் கொஞ்சப் பேர்தான், இடத்தைச் சொன்னால் ஆளும் தெரிந்துவிடும்.

எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், வீட்டில் முதல் கேள்வி அதுதானே. பீடத்தில் 5 வருடம், இன்டர்ன்ஷிப் 1 வருடம், அப்புறம் எங்காவது மெடிக்கல் ஒஃபிசராக வேலை செய்துகொண்டே முதல் பகுதிப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். இதை நடத்துவது கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், நாம் பீ.ஜீ.ஐ.எம். என்கிறோமே, அதுதான். தேறினால் ரெஜிஸ்ட்ரார், சில வருடம் யூனிட் யூனிட்டாகச் சுற்றி எம்.டி., அதிலும் தேறினால் சீனியர் ரெஜிஸ்ட்ரார், அதில் ஒரு பகுதி வெளிநாட்டில், திரும்பி வந்து போர்ட் சர்டிஃபிகேஷன், அதாவது நிபுணர் என்ற சான்றிதழ். அதற்குப் பிறகுதான் கொன்சல்டன்ட். முப்பத்தைந்து வயதுக்குள் முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் பயிற்சிக் காலம் முழுக்க அரசாங்கச் சம்பளம் வரும், ஒன்கோல் காசும் உண்டு, வீட்டுக்குக் கொஞ்சம் அனுப்பலாம். எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

கேஸ் விஷயத்தில் மலைநாட்டை மிஞ்ச முடியாது. கண்டி தேசிய வைத்தியசாலை நாட்டிலேயே இரண்டாவது பெரியது, நாலா பக்கத்திலிருந்தும் அங்கே அனுப்புகிறார்கள். நுவரெலியா, பதுளை பக்கம் போனால் வருகிற முறிவுகள் எல்லாம் இந்த மண்ணுக்கே உரியவை. மழை நாளில் சரிவில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்த அம்மாமார், குளவி கலைந்து ஓடும்போது வடிகாலான கானுக்குள் விழுந்தவர்கள், ரோலரில் விரலைக் கொடுத்த பையன்கள், மிளகு பறிக்க மரம் ஏறி விழுந்தவர்கள், வளைவில் பிரேக் பிடிக்காத ஆட்டோ, பள்ளத்தில் இறங்கிய பஸ். ஒரு பஸ் கவிழ்ந்தால் அன்றிரவு ஒரே நேரத்தில் பத்துப் பேரைப் பார்த்து யாரை முதலில் தூக்குவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவை எடுக்க என்னைப் பழக்கியவை இந்த இரவுகள்தான்.

பிளாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ஜனவரி மாத விடியற்காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துவிடும். பிளாஸ்டர் என்பது சுட்ட ஜிப்சம்தானே, தண்ணீர் பட்டதும் சூடாகி இறுகும். தண்ணீர் குளிராக இருந்தால் இறுக ரொம்ப நேரமாகும், அதுவரை நீங்கள் சேர்த்துப் பிடித்த எலும்பை அசையாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கை தளர்ந்தால் எலும்பு நழுவும். கொதி தண்ணீரைக் கலந்தால் சட்டென்று இறுகும், ஆனால் தோல் வெந்துபோகும். எனக்கு இதைச் சொல்லித் தந்தது பிளாஸ்டர் ரூமில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒரு சிங்கள அண்ணன். தேநீர் ஃபிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணீரை பேசினில் ஊற்றி, முழங்கையை நனைத்துப் பார்ப்பார், குழந்தையைக் குளிப்பாட்ட அம்மா பார்க்கிற மாதிரி. வெதுவெதுப்பாக இருந்தால்தான் பிளாஸ்டரை நனைக்க விடுவார்.

மணிக்கட்டு முறிவை எடுத்துக்கொள்ளுங்கள். டப்ளினில் ஆபிரகாம் கோலிஸ் 1814இல் எழுதிவைத்த அதே முறிவு, எக்ஸ்ரே வருவதற்கு எண்பது வருடத்துக்கு முன்னால், அந்த மனிதர் கையால் தடவியே கண்டுபிடித்திருக்கிறார். முறிந்த இடத்தில் மரப்பு ஊசி போட்டு, ஒருவர் முழங்கைப் பக்கம் பிடித்துக்கொள்ள, நீங்கள் கையைக் கைகுலுக்குகிற மாதிரி பிடித்து மெதுவாக, விடாமல் இழுக்க வேண்டும். சும்மா இழுத்தால் வராது, முதலில் கோணலை இன்னும் கொஞ்சம் கூட்டி, பூட்டிக்கொண்டிருக்கிற ஓரத்தை விடுவித்து, அப்புறம் பெருவிரலால் தள்ளி மடக்க வேண்டும். சரியாக வந்தால் பெருவிரலுக்கு அடியில் ஒரு சின்ன அசைவு தெரியும். முதல் முப்பது கையில் எனக்கு அது தெரியவே இல்லை, பக்கத்தில் நின்ற சீனியர் என் விரல் மேல் தன் விரலை வைத்து, இதோ இதோ என்று காட்டினார். இப்படி விரலைப் பிடித்துச் சொல்லித் தருகிற ஒருவர் இருக்கிற யூனிட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். நான் இருந்த இன்னொரு ஆஸ்பத்திரியில் ஆறு மாதம், வெட்டிய இடத்தை விரித்து வைக்கிற கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். ஒபரேஷன் எல்லாம் பெரிய ஒபரேஷன், லிஸ்ட் நீளம், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஆசையாக இருக்கும். என் கையில் ஒரு பிளேட் கூட வரவில்லை.

தூரம் இங்கே பெரிய பிரச்சினை. சின்ன ஆஸ்பத்திரிகளில் ஓர்த்தோ இல்லை, அனுப்பத்தான் வேண்டும். டிக்கோயாவில் இந்திய உதவியில் 150 கட்டிலோடு 2017இல் திறந்த ஆஸ்பத்திரி எங்கள் பக்கத்துக்கு நிறைய நல்லது செய்தது, ஆனாலும் பெரிய முறிவு என்றால் கீழேதான் இறங்க வேண்டும். தொடை எலும்பு முறிந்தவரை, நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்குகிற ரம்பொடை வளைவுகளில் அம்புலன்ஸில் இறக்குவதை யோசித்துப் பாருங்கள், ஒவ்வொரு வளைவிலும் அவர் கத்துவார். காலை இழுத்து அசையாமல் வைக்கிற கம்பிச் சட்டமான தோமஸ் ஸ்பிளின்ட் சரியாகப் போட்டிருந்தால் கத்த மாட்டார். முதல் உலகப் போரில் தொடை முறிந்த சிப்பாய்களின் சாவைப் பெருமளவு குறைத்த சாதனம் அது. அதைச் செய்த ஹியூ ஓவன் தோமஸின் பரம்பரையே வேல்ஸில் நாட்டு எலும்பு வைத்தியம் பார்த்த பரம்பரை. இதை நான் ஹவுஸ் ஒஃபிசர்மாருக்கு எப்போதும் சொல்வேன், ஏனென்றால் நம் ஆட்கள் முறிவு நெறிவு வைத்தியர் என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

எனக்கும் கோபம் வந்த நாள் உண்டு, மறைக்கவில்லை. கொய்யா மரத்திலிருந்து விழுந்த ஆறு வயதுப் பையன், முழங்கைக்கு மேலே முறிவு. பத்துப் போட்டு மூங்கில் பட்டை வைத்து இறுக்கக் கட்டி மூன்றாம் நாள் கொண்டுவந்தார்கள். விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன, ஒரு விரலைக் கொஞ்சம் நிமிர்த்தினேன், வீறிட்டான். கட்டு இறுகி உள்ளே அழுத்தம் ஏறினால் தசைக்குச் சில மணி நேரம்தான் உயிர். இங்கே மூன்று நாள் போய்விட்டது. அந்தக் கை இன்று கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது, பென்சில் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த அப்பாவைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் சொன்னார், விழுந்த அன்று இரவு பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம், எக்ஸ்ரே எடுக்க ஆளில்லை, காலையில் வா என்றார்கள், பிள்ளை அழுகிறான், அதனால் வைத்தியரிடம் போனோம் என்று. நான் திட்டவில்லை. இறுக்கமாகப் போட்ட எங்கள் பிளாஸ்டரும் இதே வேலையைச் செய்யும். அதனால் முதல் நாள் சுற்றிப் போடாமல் பாதிச் சிலேப்தான் வைக்க வேண்டும், விரல் நீலமானால், ஊசி குத்துவது போலிருந்தால், நேரம் காலம் பார்க்காமல் திரும்பி வரச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும்.

மொழி என்று எடுத்ததால் சொல்கிறேன், வார்ட்டில் எல்லாம் நடப்பது சிங்களத்தில். கட்டிலில் கிடக்கிறவர்களில் நிறையப் பேர் தமிழ் ஆட்கள். ஒபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது, ரவுண்டில் சேர், அதாவது கொன்சல்டன்ட், இரண்டு நிமிடம் பேசிவிட்டு நகரும்போது, அந்த அம்மா தலையை ஆட்டுவார். புரிந்து ஆட்டுகிறாரா, மரியாதைக்கு ஆட்டுகிறாரா என்பது தமிழ் தெரிந்த ஒருவர் நின்று மறுபடி கேட்டால்தான் தெரியும். என்னைப் பார்த்ததும் நர்ஸைக் கூப்பிடுகிற மாதிரி மிஸ்ஸி என்றே கூப்பிடுவார்கள், டொக்டர் என்று தெரிந்த பிறகும் மிஸ்ஸிதான், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நீங்க எந்தத் தோட்டம் மிஸ்ஸி என்று கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் உண்மையைச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் இவ்வளவு சொல்வதற்கு இது பெரிய காரணம்.

அந்த உண்மை என்ன என்பதற்கு ஒரு உதாரணம். மணிக்கட்டு முறிந்த ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், எலும்பை நானே சேர்த்து வைத்தேன், எக்ஸ்ரே அழகாக இருந்தது, பயிற்சிக் கேஸ்களைக் குறித்து வைக்கிற லொக்புக்கில் எழுதி சேரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். ஒரு கிழமையில் வரச் சொன்னோம், வரவில்லை. ஐந்தாம் கிழமை வந்தார், பிளாஸ்டர் இல்லை, கை கரண்டி மாதிரி வளைந்து அப்படியே ஒட்டியிருந்தது. ஏன்ம்மா வரல என்று கேட்டேன். "கிளினிக்குக்கு வந்தா ஒரு பேர் போயிரும் மிஸ்ஸி, பஸ்ஸுக்கு வேற காசு. பிளாஸ்டரு நனைஞ்சு நாறுச்சு, அரிவாளால வெட்டிப் போட்டுட்டேன்" என்றார். பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் கூலி. வெட்டிப் போட்டுவிட்டு இடது கையால் கொழுந்து எடுத்திருக்கிறார். என் லொக்புக்கில் அந்தக் கேஸ் இன்றைக்கும் வெற்றிகரமான கேஸாகத்தான் இருக்கிறது. செய்தது, கூட நின்றது, பார்த்தது என்று கட்டம் உண்டு. அந்தக் கை மறுபடி கூடையைத் தூக்கியதா என்று எழுத ஒரு கட்டமும் நான் நிரப்பிய லொக்புக்கில் இல்லை. இந்தப் பயிற்சியில் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை இதுதான், மற்றதெல்லாம் சகித்துக்கொள்ளலாம்.

இதைச் சரியாகச் செய்கிற ஒரு யூனிட்டில் ஒரு வருடம் இருந்தேன். அங்கே சேரிடம் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி இருந்தது. கிளினிக்குக்கு வர வேண்டியவர்கள் பெயர், தோட்டம், டிவிஷன், போன் நம்பர், பக்கத்து வீட்டு நம்பர் எல்லாம் அதில். வராதவர்களுக்குச் சாயந்தரம் ரெஜிஸ்ட்ரார் போன் எடுக்க வேண்டும், எடுத்து என்ன சொன்னார்கள் என்று சிவப்புப் பேனையால் எழுத வேண்டும். பஸ் நேரம் பார்த்து தூரத்து ஆட்களுக்குப் பத்து மணிக்கு மேல் நம்பர் கொடுப்பார். வளைந்த பாதத்தோடு பிறக்கிற குழந்தைகளுக்கு அங்கே பொன்செட்டி முறை. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைக்கு ஒன்று அப்படிப் பிறக்கும், அயோவாவில் இக்னாசியோ பொன்செட்டி கண்டுபிடித்த வழி, பெரிய ஒபரேஷன் எதுவும் இல்லாமல் கிழமைக்கு ஒரு பிளாஸ்டர் என்று ஐந்தாறு பிளாஸ்டர்.

அம்மா பால் கொடுத்துக்கொண்டிருப்பார், குழந்தை குடிக்கிறவரைக்கும் கால் தளர்வாக இருக்கும், அந்த நேரத்தில்தான் வேலை. கணுக்கால் மொழிக்குச் சற்று முன்னால், வெளிப்பக்கம் துருத்துகிற எலும்பின் மேல் என் பெருவிரல், மறு கையால் முன்பாதத்தை வெளிப்பக்கம் மெதுவாக நகர்த்த வேண்டும், குதிகாலைத் தொடவே கூடாது. ஒரு நெல்மணி அளவு நகர்ந்தால் அன்றைக்குப் போதும். பஞ்சு, அதன் மேல் பிளாஸ்டர், தொடை வரைக்கும். கடைசியில் குதிகால் தசைநாணில் சின்னதாக ஒரு வெட்டு, மூன்று கிழமைக்கு இன்னொரு பிளாஸ்டர், அப்புறம் கம்பி வைத்த சப்பாத்து, முதல் மூன்று மாதம் நாளைக்கு 23 மணி நேரம், அதன் பிறகு நாலு வயது வரை தூங்கும்போது. பாதம் திரும்ப வளைவது பெரும்பாலும் இந்தச் சப்பாத்தைக் கழற்றி வைப்பதால்தான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பாட்டி சொல்வார், பிள்ளைக்கு ஏன் இந்த விலங்கு, கழட்டிப் போடு என்று. அதனால் சேர் பாட்டியையும் கிளினிக்குக்கு அழைத்து வரச் சொல்வார். பாட்டியின் கையாலேயே சப்பாத்தைப் போட வைத்து, பட்டியை எத்தனையாவது ஓட்டையில் மாட்ட வேண்டும் என்று காட்டுவார். அந்த ஒரு வருடம் இல்லாவிட்டால் நான் இந்தத் துறையிலேயே இருந்திருப்பேனா தெரியாது.

இடுப்பு முறிந்த வயதானவர்கள் விஷயமும் அப்படித்தான். சேர்ந்த அன்றோ மறுநாளோ ஒபரேஷன் செய்துவிட வேண்டும் என்பது இங்கிலாந்து வழிகாட்டி, நமக்கு ஹார்ட் டெஸ்ட், தியேட்டர் நேரம், ரத்தம் என்று நாள் போகும். ஒபரேஷன் முடிந்து பாதி மூட்டு மாற்றிய பாட்டிக்குக் குந்தி உட்காரக் கூடாது என்று பேப்பர் கொடுத்து அனுப்புகிறோம். லயத்தில் இருப்பதோ குந்துகிற கக்கூஸ், அதுவும் படி இறங்கி வெளியே. பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் ஓட்டை வெட்டி மேலே வைத்தால் போதும் என்று பிசியோ மிஸ் ஒருத்தர் காட்டினார், இப்போது நான் டிஸ்சார்ஜ் டிக்கெட் எழுதுமுன் மகனைக் கூப்பிட்டு வீட்டில் பழைய கதிரை இருக்கிறதா என்று கேட்கிறேன்.

பெண்பிள்ளைகள் தனியாகக் கேட்பதற்கு: முடியும். ஒரு இடத்தில் முகத்துக்கு நேரே, பெண்ணுக்கு எதுக்கு ஓர்த்தோ, கண் டொக்டராகப் போயேன் என்றார்கள், அழுதுகொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போயிருக்கிறேன். பலம் வேண்டும் என்பது பாதி உண்மைதான். நழுவிய இடுப்பு மூட்டை உள்ளே தள்ள நான் கட்டில் மேல் ஏறி நின்று, நோயாளியின் முழங்காலை மடக்கிப் பிடித்து, என் காலை நிமிர்த்தித் தூக்குவேன். கையால் இழுக்கிற ஆம்பிளைகள் களைத்துப் போன கேஸ்களும் அப்படி வந்திருக்கின்றன. எக்ஸ்ரே கதிரைத் தடுக்கப் போடுகிற ஈயக் கவசம் ஐந்தாறு கிலோ இருக்கும், நாள் முழுக்கப் போட்டால் முதுகு போகும், உங்கள் அளவுக்கு ஒன்று கேட்டு வாங்குங்கள், வெட்கப்படாதீர்கள்.

சாமான் தட்டுப்பாடு 2022இல் உச்சத்தில் இருந்தது, திட்டமிட்ட ஒபரேஷன்களைத் தள்ளிப் போட்டார்கள், கூடப் படித்தவர்கள் பலர் அப்போதுதான் நாட்டை விட்டுப் போனார்கள். இப்போது அவ்வளவு மோசம் இல்லை. ஆனால் ஒபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டுகிற சீ-ஆர்ம் மெஷின் பழுதானால் திருத்தி வர நாளாகும், அந்த நாட்களில் எலும்புக்குள் ஆணி அடிக்கிற வேலை நின்றுவிடும். வெளிநாட்டுப் பயிற்சிக்கு பொண்ட், அதாவது ஒப்பந்தம், எழுத வேண்டும், திரும்பி வந்து வேலை செய்யவேண்டிய காலத்தை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நான் அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை, போய் வந்து எழுதுகிறேன்.

மார்க் போடச் சொன்னால் கேஸுக்கு ஐந்துக்கு ஐந்து, கையைப் பிடித்துச் சொல்லித் தருவதற்கு யூனிட்டைப் பொறுத்து ஒன்றிலிருந்து ஐந்து வரை, வீட்டுக்கு அனுப்பிய பிறகு நோயாளியைத் தேடுவதற்கு ஒன்று. நான் மறுபடி தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் இதைத்தான், இந்த மலையில்தான். முதல் பகுதிப் பரீட்சைக்குப் போடப் போகிறவர்கள் அதற்கு முன் ஒரு நாள் லீவு எடுத்து ஏதாவது ஒரு கிளினிக்கில் வந்து நில்லுங்கள். எங்கள் யூனிட்டில் என்றால் வியாழக்கிழமை, காலை எட்டுக்கே வந்துவிடுங்கள், பிளாஸ்டர் போடத் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் எப்போதும் தேவைப்படும்.